பையை இழுத்து எழுப்புகிறவர்

'முதியவர். அதிக தூரம் நடக்க இயலாதவர். தாய்மொழி தவிர வேறு மொழி அறியாதவர். துணையின்றிப் பயணம் செய்து பழக்கமில்லாதவர். சக்கர நாற்காலி தேவை.'

விமான நிறுவனத்தின் பதிவில் பார்வதம்மாவைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. எழுதிக்கொடுத்தவர் ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் நளினி. நாற்காலி கேட்டால் யாராவது ஒருவர் விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விடுவார், அம்மா தொலைந்துபோக மாட்டார் என்பது அவர் ஏற்பாடு. வந்த நாற்காலியில் பார்வதம்மா தன் பையை உட்காரவைத்தார். தள்ள வந்த பெண்ணோடு பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்தார். கணவர் பின்னால் வந்தார். ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், வீடு எங்கே, கல்யாணம் ஆயிற்றா என்று எல்லாவற்றையும் கன்னடத்தில் விசாரித்தார். பெண்ணுக்குச் சித்தூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் தெலுங்குக்கு மாறினார்.

பார்வதம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ்காரர். இருபத்தாறு வருடம் பெங்களூரு கார்மென்ட்ஸ் ஒன்றில் காலர் தைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் ஒரு துணிக்கடைக்கு ஆல்ட்ரேஷன் தைக்கப் போகிறார். பெங்களூரு போகும் காலை ரயில் சாம்பியனை விட்டு நகர்ந்த பத்தாவது நிமிடம் பெண்கள் பெட்டி முழுக்கத் தூங்கிவிடும். பார்வதம்மா தூங்க மாட்டார். ஷோபாவுக்கு வொயிட்பீல்ட், சரோஜம்மாவுக்கு கே.ஆர்.புரம், மாலூரில் ஏறும் நர்சுக்குக் கண்டோன்மென்ட். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். யாரும் அவரை இந்த வேலைக்கு வைக்கவில்லை.

எழுப்புவதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. "தோளத் தொட்டா அலறுவாங்க. பேரச் சொல்லிக் கூப்ட்டா, வூட்ல கூப்புடறாங்கன்னு நெனச்சி இன்னும் நல்லா தூங்குவாங்க. மடியில கீற பைய லேசா இஸ்தா போதும். தூக்கத்துல புருசன வுட்ருவாங்க, பைய வுட மாட்டாங்க."

புருஷனை, அதாவது ராஜேந்திரனை, அவர் எழுப்புவதே இல்லை. ராஜேந்திரன் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மணிவரை தூங்குவார். ஏன் என்று கேட்டால், "அவரு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?" என்பார் பார்வதம்மா.

இந்தத் தம்பதி ஜனவரியில் டோக்கியோவுக்கு வெளியே ஒரு புறநகரில் போய் இறங்கினார்கள். நளினி நிமிடக் கணக்கில் ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தார். முதல் வாரம் விடுப்பு எடுத்து, கோயில், கோட்டை, வெண்கலப் புத்தர் என்று வரிசையாகக் காட்டினார். புத்தரின் முன்னால் பார்வதம்மா, "நல்லா கீது. பெருசா கீது" என்றார். எரிமலையைப் பார்க்கப் போன அன்று அது மேகத்துக்குள் இருந்தது. நம் ஊரில் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைட் மேடும் மழைக்கு இப்படித்தான் மறையும் என்று மகளுக்கு ஆறுதல் சொன்னார். ராஜேந்திரன் மட்டும் ஒரு சாலையோரத்தில் பள்ளம் தோண்டிய இயந்திரத்தின் முன் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார். அது அட்டவணையில் இல்லை.

இரண்டாவது திங்கட்கிழமை, மகளின் அலுவலகக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பார்க்கலாம் என்று இருவரும் அவரோடு காலை ரயிலில் ஏறினார்கள். பெட்டியில் பேச்சே இல்லை. பாதிப் பேர் தூக்கம். பார்வதம்மாவின் முகம் அந்த நாட்டில் முதன்முறையாக மலர்ந்தது என்கிறார் ராஜேந்திரன். கொஞ்ச நேரத்தில் நளினியும் தூங்கிப்போனார். அலுவலகம் பத்தொன்பதாவது நிலையத்தில் என்று வீட்டிலேயே சொல்லியிருந்ததால் பார்வதம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வந்தது. மகள் அசையவில்லை. பையை இழுத்தார்.

நளினி திடுக்கிட்டு விழித்து, வெளியே ஓடி, பிளாட்பாரத்தில் நின்று அழுதார்.

விஷயம் அங்கேதான் வெளியே வந்தது. இரவு வீடு திரும்பப் பதினொன்று, காலை ஆறுக்கு ரயில். நிலையத்தைத் தாண்டித் தூங்கி மூன்று முறை தாமதமாகப் போயிருக்கிறார். செல்போனை மணியடிக்க விட்டால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். அதிர வைத்தால் அவருக்கு விழிப்பு வருவதில்லை. இன்னொரு முறை தாமதமானால் மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். வேலை போனால் விசாவும் போகும். அதை மறைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் புத்தரைக் காட்டியிருக்கிறது.

"இதுக்கா அழுவற?" என்றார் பார்வதம்மா. "நான் இன்னாத்துக்கு கீறேன்?"

மறுநாளிலிருந்து அவர் நளினியோடு கிளம்பினார். மகள் தூங்க, அவர் எண்ணினார். பத்தொன்பதில் இறக்கிவிட்டு, எதிர் பிளாட்பாரத்தில் ஏறித் தனியாகத் திரும்பினார். முதல் நாள் வீட்டு நிலையத்தின் தானியங்கிக் கதவு அவரை வெளியே விடவில்லை. ஏறிய இடத்திலேயே வந்து இறங்குகிறவரை அந்த இயந்திரத்துக்குப் புரியவில்லை. ஓடிவந்த நிலைய ஊழியருக்கும் புரியவில்லை. பார்வதம்மா மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக் காட்டினார். களைத்துப்போன பயணி என்று நினைத்து ஊழியர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் விபரீதம் நடந்தது. தினமும் பன்னிரண்டாவது நிலையத்தில் இறங்கும் கோட்டு போட்ட ஒரு மனிதர் அன்று பன்னிரண்டிலும் தூங்கிக்கொண்டிருந்தார். பார்வதம்மாவின் கை தானாக நீண்டது. பை இழுபட்டதும் அந்த மனிதர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழித்தார். பெட்டியே பார்த்தது. திருட்டுப் பழி வந்து, கூட்டம் கூடி, மகளின் வேலைக்கே தாமதமாகிவிடுமோ என்று பார்வதம்மா பயந்தார். அவர் செய்ததெல்லாம் வாசலைக் கைகாட்டியதுதான். மனிதர் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தார், வெளியே பாய்ந்தார், கதவு மூடியதும் பிளாட்பாரத்தில் நின்றபடி இடுப்பு வரை குனிந்தார். நளினி இதற்கும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் நடுவில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பு. அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் நிறுவனத்தின் குடியிருப்பிலேயே ஓர் அறை. நளினி அதை ஒரு முறை வாய்விட்டும் ஒரு முறை மனதுக்குள்ளும் படித்தார். ராஜேந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பார்வதம்மா, "அப்ப இனிமே ரயிலு வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

அறை மாறுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசி சவாரி. ராஜேந்திரனும் அன்று கூடப் போனார். பத்தொன்பதில் நளினி இறங்கிப் படியேறி மறைந்த பிறகு இருவரும் திரும்பும் ரயிலில் ஏறினார்கள். பெட்டி கிட்டத்தட்ட காலி. அந்த ஊர் ரயிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

"இத்தினி நாளா போவறப்ப அவ மூஞ்சப் பாத்துகினு போனேன், வர்றப்ப ஸ்டேஷன எண்ணிகினு வந்தேன்" என்றார் பார்வதம்மா. "இன்னிக்கி நீங்க எண்ணிகினு வாங்க."

ராஜேந்திரன் எண்ண ஆரம்பித்தார். பார்வதம்மா ஷூவைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்தார். இருக்கையில் ஏறி, சின்னப் பிள்ளைகளைப் போல ஜன்னல் பக்கம் திரும்பி மண்டியிட்டு, வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.