கங்கில் போட்ட கருப்புத் துண்டு

ஒரகடம் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் கருப்பாக இரண்டு பொருள்கள் இறைந்து கிடக்கும். ஒன்று, இஸ்திரி வண்டிக்காரர் கொட்டிவிட்டுப் போகும் அடுப்புக்கரி. மற்றொன்று, பக்கத்துப் பள்ளமான மனையை மேடாக்க லாரியில் வந்த பாய்லர் கசடு. உருகி இறுகிய, ஓட்டை ஓட்டையான கட்டி. நகத்தளவு துண்டாகிவிட்டால் எது எதுவென்று எனக்குத் தெரியாது.

அன்று துணி காயப்போட்டுத் திரும்பினால், நடக்கக்கூடப் பழகாத என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். வாயெல்லாம் கருப்பு. விரலை விட்டுத் துழாவினேன், விழுங்கிவிட்டிருந்தாள். கையிலிருந்த மீதித் துண்டைப் பிடுங்கியதும் வீறிட்டாள்.

கரியென்றால் பயமில்லை. கசடென்றால் அதில் என்னென்ன உலோகமோ! டாக்டரிடம் ஓடினாலும் முதலில் "என்ன சாப்பிட்டா?" என்றுதானே கேட்பார்?

நான் வேதியியல் படித்தவள். கரி ஒருகாலத்தில் உயிருள்ள மரம். நெருப்பில் எரிந்து சாம்பலாகும். கசடு, கல்லிலும் மண்ணிலும் இருக்கிற தாதுக்கள் உருகியது; எரியாமல் கிடக்கும். ஆனால் மரம் புதைந்து உண்டான நிலக்கரியைப் பாறை என்கிறார்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் வெறும் கார்பன், அதுவோ கனிமம். யோசிக்க யோசிக்க, படித்தது சரியாக நினைவிருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அழுகை கேட்டு வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். கையில் கரண்டி நிறைய கங்கு, உப்பு, மிளகாய், முச்சந்தி மண்.

"இன்னாமே, கொயந்த இப்டிக் கத்துது? திஷ்டிதான். நேத்தே சுத்திப் போடுன்னேன், கேட்டியா?"

எனக்குச் சட்டென்று தோன்றியது. "ஆன்ட்டி, இதையும் சேத்துச் சுத்திடுங்க."

"இன்னாது இது?"

"பாப்பா கையில வச்சிருந்தா."

"குடு, அதுவும் போவட்டும்."

மூன்று சுற்றுச் சுற்றிக் கங்கில் போட்டார். மிளகாய் கருகியது. உப்பு படபடவென்று வெடித்தது.

"பாத்தியா, எம்மாங் கண்ணு!"

உப்புப் படிகத்துக்குள் மாட்டிய ஈரம்தான் அப்படி வெடிக்கிறது. என் கண் துண்டின்மேல். அது அப்படியே கருப்பாகக் கிடந்தது. "கொஞ்சம் விசிறுங்க ஆன்ட்டி" என்றேன். காலண்டர் அட்டையால் விசிறினார். ஓரம் சிவந்தது. பிறகு முழுதும் கனன்று, மேலே சாம்பல் பூத்தது.

"எரியுது!" என்று கத்திவிட்டேன்.

"எரியாம? சுத்தினது நானாச்சே!"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரிதானே, ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் கருப்பாப் போவா."

அப்போதும் மனசு அடங்கவில்லை. நான் எரித்தது கையிலிருந்ததைத்தான். விழுங்கியது வேறாக இருந்தால்?

தென்காசிப் பக்கத்துக்காரரான என் கணவர், "எங்க ஊர்ல அதவச்சுத்தான் பல்லே தேப்போம், வெசனப்படாத" என்றார்.

மறுநாள் காலை, ஷிஃப்டுக்குக் கிளம்ப அவர் இட்லி தின்றுகொண்டிருந்தபோது, குழந்தையின் துணியை வெற்றிக்கொடி போலத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பாருங்க, பாருங்க! கரியேதான்! ஒரு கல்லு இல்ல!"

எட்டிப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"ரொம்ப சந்தோசம் தாயி. இனி நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கிடுதேன்."