அப்பாவின் கையைத் தாண்டி

காயில்காரர் தன் அக்காவுக்கு முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றி உயிர் கொடுத்து, ஒரு கடையை மூன்றாக்கி, தன் பெயரில் போர்டு மாட்டிக்கொண்ட மனிதருக்கு முந்நூறெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்கலாம். அவரும் அப்படித்தான் இருந்தார். அதை எப்போதோ அடைத்தாயிற்று என்பது அவர் எண்ணம்.

அவர் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் சம்பாதித்தாலும் சரி, உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் இருக்கும் அப்பாவின் கையில் வைத்துவிட வேண்டும். அப்பா கையை நீட்டுவார், வாங்குவார், சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டுவார். பிறகு பஸ்ஸுக்கும் சோப்புக்கும் அவரிடம்தான் கேட்க வேண்டும். எதுக்கு, எதுக்கு என்று உயிரை வாங்கிவிட்டுத்தான் கொடுப்பார். அந்த வீட்டுக்குப் பூட்டே தேவைப்படவில்லை. கையில் காசில்லாதவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்?

அக்கா சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். ஓவர்டைம் காசில் அப்பாவின் கண்ணுக்குத் தப்பியதைத் தையல் மெஷின் டிராயரில், ஊசிப் பெட்டிக்கு அடியில் சேர்த்தாள். அது அவள் வெளியேறுவதற்கான காசு. முந்நூறு சேர்ந்த சமயத்தில் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கிக்கொண்டு கிடந்தான்.

“நீ முதல்ல போ. ஒரு தொழில் கத்துக்கோ. சம்பாதிச்சு இந்தக் காசைத் திருப்பி அனுப்பு, நான் பின்னாலயே வந்துடறேன்” என்று அவன் கையில் திணித்தாள்.

போனான். வார்னிஷ் நாற்றத்தில் பெஞ்சுக்கு அடியில் தூங்கினான். கம்பி அறுத்து அறுத்து விரல் மரத்துப்போனது. மோட்டாரில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் புகைந்துவிடும். அவர் கைபட்ட மோட்டார் ஒன்று பழுதாகித் திரும்பி வந்ததாக யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். முதல் சம்பளத்திலேயே முந்நூறை அனுப்பியும் விட்டார். மணியார்டர் ஃபாரத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை தானாக அப்பா பெயரை எழுதியது. அந்த வீட்டுக்குக் காசு போக வேறு வழி உண்டென்றே அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா வரவில்லை. வீட்டை விட மனசில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அதன்பிறகும் காசு போய்க்கொண்டுதான் இருந்தது, அதே பெயருக்கு.

தலை நரைத்த பிறகு ஒரு நாள் சொந்தக் காரில் வந்து இறங்கினார். அப்பா அதே நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“என்கூட வந்துடுக்கா. மாடியில ஏசி ரூம் சும்மா கிடக்குது.”

“அங்க யார் கையில காசு கொடுக்கணும்?”

“என்னக்கா பேச்சு இது?”

“சும்மா கேட்டேன். என் முந்நூறைக் கொடுத்துடு. அது போதும்.”

“அதான் முதல் சம்பளத்துலயே அனுப்பிட்டேனே.”

“யாருக்கு?”

“அப்பா சொல்லலையா?” என்றார் காயில்காரர்.

“அவர் ஏன் சொல்றார்? அவர் கைக்குப் போனது அவரோடது. நீ மறந்துட்டேன்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கவும் அலுத்துப்போச்சு.”

“இப்ப அந்தக் காசை வச்சு என்னக்கா பண்ணப் போற?”

“கம்பெனி சிநேகிதி ரெண்டு தெரு தள்ளி ரூம் எடுத்திருக்கா. பாதி வாடகைக்கு வரச் சொல்றா.”

“இந்த வயசுலயா?”

“இந்த வயசுல கால் வலிக்குதுடா. ரெண்டு தெருவுக்கு மேல போக முடியாது.”

“அப்பாவை யார் பார்க்கிறது?”

“மாடியில ஏசி ரூம் சும்மா கிடக்குதுன்னியே.”

காயில்காரர் கட்டுக் கட்டாகக் கொடுக்கத் தயாராகப் பையைத் திறந்தார்.

“தர்மமெல்லாம் வேண்டாம்” என்றாள் அக்கா. “அன்னைக்கு அது ஆறு மாச வாடகை. இன்னைக்கு ஆறு மாச வாடகை என்னவோ அதைக் கொடு. பாதி வாடகைன்னா ஒரு வருஷம் ஓடும். அதுக்கு மேல நான் பார்த்துக்கறேன்.”

நோட்டுச் சலசலத்தது. பேசினால் காது கேட்காத அப்பா கண்ணைத் திறந்தார். நாற்காலிக் கையிலிருந்து அவர் கை எழுந்து, விரிந்து, நீண்டது. காயில்காரரின் கை நோட்டோடு அந்தப் பக்கமே போனது. பாதி வழியில்தான் நின்றது. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது அக்காவோடதுப்பா” என்றார்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார். அப்பாவின் கை நீண்டபடியே இருந்தது. காயில்காரர் விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணி, காலர் தைத்துக் காய்ப்பேறிய அக்காவின் விரித்த கையில் வைத்தார்.