அக்காவின் "மதி"

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரும் நண்பரும் ஒன்றை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. இதை எழுதுகிறவன் தமிழ் வாத்தியார். ஆனால் தமிழ் தெரியாதவன். எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நாளில், அமரவிளையிலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துக்கு நீளத் துணியில் "மலையாள ஆட்சி மதி" என்று எழுதிக் கொடுத்தவன் நானே. தண்ணீரை வெள்ளம் என்றும், போதும் என்பதை மதி என்றும் சொல்லியே வளர்ந்த வீடு எங்களுடையது. அது மலையாளச் சொல் என்பது எனக்கு உறைக்கவில்லை. பேச வந்திருந்த மதுரைக்காரர் துணியைப் படித்துவிட்டு, "மலையாள ஆட்சியை மதிக்கச் சொல்லவா இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

துணியின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனையை அக்காவின் ஒரே மகன்.

"மாமா, போலீசுக்கு நம்ம போர்டு நல்லா பிடிச்சுப் போச்சு, கேட்டேளா" என்று சிரித்தான் மருமகன்.

பாறசாலையை எட்டுமுன் தடியடி நடந்தது. அவன் மண்டையில் விழுந்த அடி யார் கையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தான். கண் திறக்காமலே போனான்.

அக்கா கொல்லயில் என்ற ஊரில் பிறந்தார். அமரவிளைக்கு வாழ்க்கைப்பட்டார். மச்சான் காய்ச்சலில் மறைந்தபோது மருமகன் மடிப்பிள்ளை. இம்மாதிரி மலர்களில் இறந்தவர் எல்லாரும் தொட்டில் முதலே அன்பின் உருவமாக இருப்பது வழக்கம். எங்கள் அக்கா அப்படி இல்லை. அவர் அன்புக்கு ஏங்கியவர். எந்தக் கல்யாண வீட்டில் தம்மைக் கடைசியில் கூப்பிட்டார்கள், ஆலயத்தில் எவள் முகம் கொடுக்காமல் போனாள் என்பதையெல்லாம் நினைத்து நினைத்து அழுவார். முறுக்கு சுட்டு வீடுவீடாகக் கொண்டு கொடுப்பார். தின்றவர்கள் நன்றாயிருந்தது என்று சொல்லாவிட்டால் அன்று இரவு சோறு இறங்காது.

மகன் போனதும் ஊர் திரண்டு வந்தது. வீரத்தாய் என்றார்கள். பிறகு வருகிறவர் குறைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் அக்கா பெஞ்சை விட்டு எழவில்லை. கூப்பிடப் போனேன்.

"எலே, நான் இத்தன காலமும் ஒவ்வொருத்தருக்க வாசல்லயும் போய் சினேகம் இரந்து நடந்தேன். ஒருத்தர்கிட்டயும் அவ்வளவு இல்ல, பாவங்க. கையில உள்ளது அவங்களுக்கே தெகையாது. கர்த்தருக்கு என்கிட்ட சினேகம் உண்டு. எனக்கு அது மதி."

"அப்பிடித் தோணுதா அக்கா?"

"தோணல்ல. தோணாட்டாலும் அது உண்டு."

நான் வாசித்திருந்த தடித்த புத்தகங்களில் இதற்கு மறுப்பு ஏராளம். அக்காவின் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூட நடந்தேன்.

அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில், வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த மலையாளப் போலீஸ்காரர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு யாரும் பால் ஊற்றுவதில்லை என்று ஊர் தீர்மானித்தது. தீர்மானத்தைப் பிழையில்லாத தமிழில் எழுதியவனும் நானே. தாய்க்குப் பால் வற்றிவிட்டது; குழந்தையின் அழுகை சாலை வரை கேட்டது. அக்காவின் பசுவும் கறவை வற்றுகிற காலம். கறந்த கொஞ்சத்தையும் அந்த வீட்டுக்குக் கொண்டு கொடுத்துவிட்டுத் தாம் பாலில்லாத கட்டன் சாயா குடித்தார்.

நான் சண்டைக்குப் போனேன். "நம்ம பிள்ளைய அடிச்சது அவனா இருந்தா?"

"இருக்கலாம்."

"பின்ன?"

"அந்தக் குஞ்சுக்குப் பசிக்கும்லா, மக்கா."

"ஊரு உங்கள ஒதுக்கிரும் அக்கா."

"ஒதுக்கட்டு. முன்னே எல்லாம் அதுக்குத்தான் பயந்து செத்தேன். இப்ப எனக்கு வரவேண்டியது வந்தாச்சு. பயந்துட்டு இருக்கவ எப்பிடிலே கொடுப்பா?"

ஊர் ஒதுக்கியது. ஆலயத்தில் அக்கா இருந்த பெஞ்சில் அக்கா மட்டும் இருந்தார். நான் கடைசி பெஞ்சுக்கு மாறினேன். அங்கிருந்து அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது. போலீஸ்காரர் மாற்றலாகி, சொல்லிக்கொள்ளாமலே போனார். எல்லையும் வகுத்தார்கள். தெற்கே இருந்த ஊர்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்திலேயே நின்றுவிட்டோம். மருமகன் எதற்காகச் செத்தான் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அக்கா இரங்கியதால் ஒரு மனமாவது இளகியது என்று இந்த இடத்தில் எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். அக்கா படுத்த பிறகும் உறவில் பெரும்பாலோர் வரவில்லை. கடைசி நாளில் நான் கஞ்சித்தண்ணீர் ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு "மதி" என்றார். கஞ்சிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவருடைய உறுதி எனக்கும் கிடைத்தது என்று முடிக்க ஆசைதான். கிடைக்கவில்லை. அக்காவுக்குத் தோன்றாவிட்டாலும் இருந்தது. எனக்குத் தோன்றவும் இல்லை, இருக்கிறதா என்று தெரியவும் இல்லை.

கூப்பிடாமலே வந்து பார்த்த டாக்டருக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், பெட்டி தூக்க ஆள் போதாமல் நின்றபோது லாரியை ஓரம் நிறுத்தி இறங்கி வந்து தோள் கொடுத்த, பெயர் தெரியாத டிரைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வராதவர்களுக்கும் வணக்கம். அக்கா இருந்திருந்தால் அவர்களைத்தான் முதலில் விசாரித்திருப்பார்.

சென்ற மாதம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் அந்தப் போலீஸ்காரரைக் கண்டேன். பக்கத்தில் ஒரு பெண்குழந்தை, நல்ல வளர்த்தியாக, முறுக்கு தின்றுகொண்டு நின்றது. அக்கா இறந்துபோன விவரத்தைச் சொன்னேன். எந்த அக்கா என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஓ, நமக்குப் பால் தந்த சேச்சி. நல்ல சேச்சியாக்கும், சாரே," என்றார். பிறகு, நியாயம் தவறக்கூடாது என்பதுபோலச் சேர்த்துக்கொண்டார். "பாலில் மாத்திரம் கொஞ்சம் வெள்ளம் கூடுதல்."