பணியாரத்தின் மேல் விழுந்த பழி

என் வீட்டில் மூன்று பேரை மருத்துவமனையில் படுக்கவைத்தது நான் செய்த சூப். பேச்சியக்காவின் பணியாரம் அல்ல! இரண்டு வருடங்களாக இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை. எதையும் பட்டியல் போட்டே செய்வேன். மாமா, அத்தை, கணவர் மூவரும் சொந்தமாக ஒரு சிறிய தையல் யூனிட் நடத்துகிறார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் உட்கார்ந்து சாப்பிட எவருக்கும் நேரமிருக்காது. அதற்காகவே, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் ஒன்றை வாங்கினேன். முதல் நாள் இரவே போட்டுவிட்டால் காலையில் சூப் தயார். ஆளுக்கொரு பிளாஸ்க்.

"விடிய விடிய வேகுதா? செரியான சோம்பேறிச் சட்டியா இருக்குது போ!" என்று அத்தை சிரிப்பார்கள். ஆனால் பிளாஸ்க் காலியாகத்தான் திரும்பி வரும்.

அன்று ராஜ்மா சூப். கேரட், பூண்டு, மிளகு, ஊறவைத்த ராஜ்மா... எல்லாம் பட்டியல்படி. குக்கரை மிகக் குறைந்த சூட்டில் வைத்தேன். ராஜ்மாவைத் தனியாகக் கொதிக்கவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏன் தெரியுமா? பட்டறையில் ஒரு முறை உண்டு. துணியைச் சாயத்தில் நனைத்துச் சுருட்டி, சூடே காட்டாமல் பல மணி நேரம் விட்டுவைப்போம். சாயம் தானாகப் பிடித்துக்கொள்ளும். சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்டு! துணிக்குரிய அந்த விதியை அடுப்படிக்கும் கொண்டுவந்தேன். படித்த திமிர்... வேறென்ன?

பதினொரு மணிக்குப் பட்டறையில் சூப் குடித்தேன். ஒரு மணிக்குக் கழிவறையில் வாந்தி எடுத்தேன். முகம் கழுவி வெளியே வரும்போதே யூனிட்டிலிருந்து போன்: மூவரும் மருத்துவமனையில்.

நான் போனதும், சலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு அத்தை சொன்னார்கள்: "பேச்சி காலைல கொண்டாந்த பணியாரந்தான் கண்ணு! எந்த எண்ணெயில சுட்டாளோ... நேரத்துலயே கெளம்புனதால நீ தப்பிச்ச!"

பேச்சியக்கா எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருபவர். ராஜபாளையம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மாலையில் தெருமுனையில் பணியாரம் சுட்டு விற்பார். அன்று காலை பிள்ளைகளுக்குச் சுட்டதில் எங்களுக்கும் கொண்டுவந்திருந்தார்; சீக்கிரமே கிளம்பிவிட்டதால் அதில் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் வாந்தி எடுத்தேனே! அதைவிடப் பெரிய சாட்சி எது? அந்தச் சாட்சியை நான் விழுங்கிவிட்டேன்.

வராந்தாவில் நின்று கைபேசியில் தேடினேன். அரைவேக்காட்டு ராஜ்மா நஞ்சு. குறைந்த சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது முறியாது. தெளிவாகவே எழுதியிருந்தது.

பேச்சியக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். செய்தி தெருவெங்கும் பரவியது. ஒரு வாரத்தில் தெருமுனை அடுப்பும் அணைந்தது. ஒருநாள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"நீ படிச்ச பிள்ள. நீயாவது சொல்லு தாயி! எம் பிள்ளைகளும் அதத்தான தின்னுச்சு. அதுகளுக்கு ஒண்ணும் ஆகலயே!"

"தெரியலீங்க அக்கா" என்றேன்.

தெரியலீங்க! எவ்வளவு மரியாதையான பொய்... என்னைத் தடுத்தது என்ன? 'எம் மருமக எதையும் அளந்துதான் செய்வா' என்று அத்தை ஊரெல்லாம் சொல்லும் பெருமையா? ஒருத்தியின் பிழைப்பைவிட அது பெரிதா? நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

போன மாதம் முதலிபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு கம்பெனியில், தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகிறாராம். இளைத்திருந்தார். ஒளிந்துகொள்ள நினைத்தேன், அவரே வந்து என் கையைப் பிடித்தார்.

"ரொம்ப யோசிச்சுப் பாத்தேன் தாயி. அந்த எண்ணெய் கொஞ்சம் பழசுதான் போல. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன். ஒங்க அத்தைகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிரு."

வாயைத் திறந்தேன்.

"சொல்றேங்க அக்கா" என்றேன்.

சொல்லவும் செய்தேன்! அன்று மாலையே, ஒரு வார்த்தை குறையாமல், அத்தையிடம்.

"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டாளே" என்றார்கள் அத்தை.

அதற்கும் தலையாட்டினேன்.