இடாப்பில் நான் எழுதிய பிறந்த இடம்

இன்று பதுளையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பழைய மாணவி செல்வியின் தகப்பன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"சிலோன் பிரஜாவுரிமை விசாரணைக்குப் போனோமுங்க ஐயா. மக திருச்சியில பொறந்ததா உங்க பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல இருக்குதாம். மனுவைத் தள்ளிட்டாங்க. அவ நம்ம தோட்டத்து லயத்து வீட்டுலதானுங்க பொறந்தா."

பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன்மார், ஊர் எதுவென்று கேட்டால், இந்தியாவிலுள்ள பாட்டன் ஊரைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். நானும் மேற்கொண்டு கேட்காமல், அதையே பிறந்த இடமென்று சேர்வு இடாப்பில், அந்தப் பதிவேட்டில், எழுதிவந்தேன்; சர்டிபிகேட்டும் அதைப் பார்த்தே கொடுப்பது. பள்ளி இன்ஸ்பெக்டர் மெச்சிக் கையெழுத்திட்ட இடாப்பு அது.

"என்ரை பிழைதான்," என்றேன்.

"நாஞ் சொன்னதைத்தானுங்களே எழுதுனீங்க," என்றார், நின்றபடியே.

லுணுகலை வரை அவருடைய இடத்தில் உட்கார்ந்தே வந்தேன்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் இடாப்பில் எத்தனை பிள்ளைகள் திருச்சியில் பிறந்திருக்கிறார்கள்?