மல்கிரேவ் வீட்டில் பொருத்திய துப்பாக்கிப் பெட்டகம்

துப்பாக்கி வைத்திருப்பவர்களின் வீடுகளில் இரும்புப் பெட்டகம் பொருத்துவது ஆறு வருடங்களாக என் வேலையாக இருந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்து, வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு மெல்பனுக்கு வந்த எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை அதுதான். இந்த நாட்டில் துப்பாக்கி வாங்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் எடுக்கக் காரணம் சொல்ல வேண்டும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்பது காரணமாகாது. வாங்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டகத்தில் வைத்து, சாவியை லைசென்ஸ்காரர் மட்டுமே வைத்திருக்க வேண்டும்.

பண்ணைக்காரர்களோடு எனக்குச் சிக்கல் இருந்ததில்லை. மண்வெட்டியைப் பற்றிப் பேசுவது போலத்தான் துப்பாக்கியைப் பற்றியும் பேசுவார்கள், அதுவும் கேட்டால்தான். வாய் ஓயாதவர்கள் நகரத்துக்காரர்கள். அவர்களில் ஒருவரை இன்றைக்கும் நினைத்தால் வாய் கசக்கிறது.

அவர் தமிழ்நாட்டுக்காரர். மல்கிரேவில் பெரிய வீடு, ஐடி கம்பெனியில் மனேஜர். பறக்கவிடும் மண்தட்டுகளைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக் கிளப் ஒன்றில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்திருந்தார். பெட்டகம் பொருத்த நான் போனது ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டில் நண்பர்கள் இருவர் விருந்துக்கு வந்திருந்தார்கள். பெட்டகத்தை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

"வாறவை போறவைக்குத் தெரியிற இடத்தில வைக்கிறது சரியில்லை, சேர். கராஜுக்குள்ள வைப்பம்" என்றேன்.

"யாருக்கும் தெரியாம வைக்கிறதுன்னா, அப்புறம் வாங்கி என்ன பிரயோஜனம்?" என்று சிரித்தார். பகிடி இல்லை, மனதில் இருந்ததுதான் வெளியே வந்தது.

கடைசியில் ஒருவாறு சம்மதித்தார். கராஜில் கொங்கிரீட் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே விவாதம் நடந்தது. வீட்டுக்குள் ஒருவன் புகுந்தால் என்ன செய்வது, இந்த அரசாங்கம் ஆண்களைக் கோழையாக்கிவிட்டது, அமெரிக்காவில் போல இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் அடுக்கினார். அங்கே பள்ளிக்கூடங்களில் நடப்பதை ஒரு நண்பர் நினைவுபடுத்தினார். "அது மென்டல் ஹெல்த் பிரச்சினைப்பா. துப்பாக்கி என்ன பண்ணுச்சு?" என்று இவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பிரியாணி வந்ததும் மூவரும் நாட்டுப் பிரச்சினையை விட்டுவிட்டார்கள்.

நான் பெட்டகத்தை இறுக்கி முடித்தபோது தட்டுகளோடு கராஜுக்கு வந்தார்கள்.

"நீ இலங்கைதானே தம்பி? போட்லயா வந்த?"

"ஓம்."

"அப்ப ஏகே எல்லாம் புடிச்சிருப்பியே! வெயிட்டா இருக்குமா?" கேட்கும்போது அவருடைய கண் மின்னியது.

இதே கேள்வியை முகாமில் அதிகாரிகள் என்னிடம் கேட்டார்கள். அவர்களாவது சம்பளத்துக்குக் கேட்டார்கள். இவர் கோழிக்காலைக் கடித்தபடி கேட்டார்.

"தலைக்கு மேலால போன வெடிதான் எனக்குத் தெரியும், சேர். பாரம் தெரியாது" என்றேன்.

"செம டயலாக்!" என்றார் ஒரு நண்பர்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவரே போன் செய்தார். சாவியைக் காணவில்லை, பெட்டகத்தைப் பார்வையிடப் பதினொரு மணிக்குப் பொலிஸ் வருகிறது, உடனே வந்து திறந்து கொடு. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வியர்த்து நின்றார்.

"சாவியை எங்கை வச்சனீங்கள்?"

குரலைத் தாழ்த்தினார். "முருகர் படத்துக்குப் பின்னாடி. ரெண்டு சாவியும் ஒரே வளையத்துல."

"அது உங்கட கையில எல்லோ இருக்க வேணும்?"

"சாமி படத்துல யாருப்பா கை வைப்பாங்க?"

துளைபோடும் மெஷினுக்கு வயர் இழுக்க வீட்டுக்குள் போனேன். அவருடைய மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலைக்குப் புறப்பட்ட சீருடையோடு குசினியில் நின்றார். எனக்குத் தேநீரை நீட்டினார்.

"அண்ணா, திறக்க எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணித்தியாலம் காணும்."

"கொஞ்சம் மெதுவா செய்வீங்களா?"

கோப்பையை வாங்கிக்கொண்டேன். அவர் கராஜ் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரரோட வேலித் தகராறு. அதிலிருந்து அவர் வெளிய வர்ற நேரம் பார்த்து, கராஜ் கதவைத் தூக்கி விட்டுட்டு இவர் துப்பாக்கியைத் துடைக்கிறார். ரெண்டு தடவை பார்த்துட்டேன். என் பொண்ணு அந்த வழியாதான் ஸ்கூலுக்குப் போறா." சொல்லும்போது வலது கை சீருடைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. சாவி எங்கே இருக்கிறது, பெட்டகம் எதுவரை பூட்டியிருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

என்னுடைய விசாவுக்குப் பொலிஸ், முறைப்பாடு என்ற சொற்களே ஆகாது. ஆனாலும் அன்று துளைமுனையை மூன்று தடவை மாற்றினேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் வேலை செய்ததில்லை. வீட்டுக்காரர் பின்னால் நின்று, "சீக்கிரம்யா, சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சரியாகப் பதினொரு மணிக்குப் பொலிஸ்காரி ஒருத்தி வந்தாள். சாவி எங்கே என்று கேட்டாள். அலுவலகத்தில் மறந்து வைத்துவிட்டதாக அவர் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என் மெஷினையும் தரையில் கிடந்த இரும்புத் தூளையும் பார்த்தாள்.

அப்போது மனைவி உள்ளேயிருந்து வந்து சாவி வளையத்தை அவளிடம் கொடுத்தார். "இரண்டு வாரமாக இது என்னிடம் இருக்கிறது. எனக்கு லைசென்ஸ் இல்லை" என்றார். பிறகு வேலி, திறந்த கராஜ், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் நோயாளியின் நிலையைச் சொல்வது போல, குரல் உயராமல் சொன்னார்.

பொலிஸ்காரி பெட்டகத்தைத் திறந்தாள். இரண்டு துப்பாக்கிகளும் அவற்றின் மேலேயே தோட்டாப் பெட்டியும் இருந்தன. தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டுமென்று பொருத்திய அன்றே நான் சொல்லியிருந்தேன். "ஸ்போர்ட்ஸுக்குத்தான் மேடம், ஸ்போர்ட்ஸுக்குத்தான்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கோழைகளைப் பற்றி அன்று முழங்கிய தொண்டை அது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மனைவியைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. என் மேல் பாய்ந்தார். "போட்ல வந்தவனை வீட்டுக்குள்ள விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"பெட்டகத்தைக் கழட்ட வேணுமெண்டா ஒஃபிசுக்குப் போன் பண்ணுங்கோ, சேர். போயிட்டு வாறன்" என்று சாமான்களை அள்ளினேன். வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவர் எங்கள் கம்பெனிக்கு என்மேல் மின்னஞ்சலில் முறைப்பாடும் அனுப்பினார். நடந்ததை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவர் அந்த மின்னஞ்சலை என் முன்னாலேயே அழித்துவிட்டார்.

அடுத்த தைப்பொங்கலுக்குக் கிளேட்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம். சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பில் பேச மேடை ஏறியவர் அவர்தான். "துப்பாக்கி நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்து வராது. என்கிட்டயும் இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தேன், நானே திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றார். சபை கை தட்டியது. முன்வரிசை அங்கிள் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

மூன்றாவது வரிசையில் அவருடைய மனைவி மகளுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கை தட்டவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நானும் தட்டவில்லை. பேச்சு முடியுமுன் எழுந்து, சாப்பாட்டு வரிசையில் போய் நின்றேன்.