படுப்பதற்கும் பேர் போட்டார்கள்

மன்றத்துச் சுவரில் ஒட்டுகிறேன், படியுங்கள்.

ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் முழுக்கக் காய்ச்சல். ஆனாலும் இன்று காலை பேர் பதியும் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லையே.

என் தங்கை இருமினாள். எங்களை மேய்க்கும் மண்டோர் அஞ்சலையக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேரேட்டோடு நின்ற கிராணியிடம் திரும்பினார்.

“இவளுக்குப் பேர் போடுங்கய்யா. இன்னிக்கு இவளுக்கு வேலை வீட்ல படுக்கிறது.”

“படுக்கிறது ஒரு வேலையா லா?”

“இவ இங்க நின்னா நாளைக்கு நாங்க எல்லாரும் படுத்துருவோம். அப்ப மரத்துல பால் வெட்ட நீங்க வருவீங்களா?”

கிராணி பேர் போட்டார்!

உடனே வரிசை முழுக்க இருமல். அக்கா ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டார். எல்லாமே கொதித்தன, ஒன்றைத் தவிர.

அக்காவைப் பற்றிக் கீழே எழுதுங்கள். என் நெற்றியைப் பற்றி வேண்டாம்.